97 ஆண்டு கழித்து வந்த பதக்கம்

ஏற்காட்டிலும் சேலம் பக்கத்துக் கிராமங்களிலும், பட்டாளத்துக்குப் போன தாத்தாவின் காகிதங்கள் பல வீட்டில் டிரங்குப் பெட்டியில் கிடக்கும். அதில் ஒரு வரி விட்டுப் போனால் என்ன ஆகும்? அமெரிக்கச் சிப்பாய் ஹென்றி ஜான்சனின் கதையைக் கேளுங்கள்.

ஜான்சன் கறுப்பர்; ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கியவர். முதல் உலகப் போரில், கறுப்பர்களைக் கொண்ட அவரது படையை அமெரிக்கா பிரெஞ்சு ராணுவத்திடம் ஒப்படைத்து விட்டது.

1918 மே மாதம், நள்ளிரவு. ஜான்சனும் ஒரு தோழரும் காவல் நின்றார்கள். ஜெர்மானியர் பத்துப் பேருக்கு மேல் பாய்ந்து வந்தனர். தோழர் காயம்பட்டு விழுந்தார். ஜான்சன் குண்டு வீசினார், துப்பாக்கியால் சுட்டார். அதுவும் அடைத்துக் கொள்ளவே கத்தியை உருவினார்! எதிரிகள் ஓடினார்கள். ஜான்சன் உடம்பில் 21 காயங்கள்!

பிரான்ஸ் வீரப் பதக்கம் கொடுத்தது. சொந்த நாடோ, விடுவிப்புப் பத்திரத்தில் அந்தக் காயங்களைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதாத காயத்துக்குப் பதக்கம் ஏது? 1929-ல் மாண்டார்.

ஆனால் அவரை மறக்காதவர்கள் மனு மேல் மனு போட்டார்கள். 1996-ல் காயம்பட்டோர் பதக்கம் வந்தது. பிறகு, தளபதி பெர்ஷிங் 1918-லேயே ஜான்சனைப் பாராட்டி அனுப்பிய செய்தி பழைய காகிதங்களில் அகப்பட்டது. 2015-ல் நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கத்தை ஜனாதிபதி ஒபாமா அறிவித்து வழங்கினார். வாங்கிக் கொள்ள உறவினர் ஒருவரும் இல்லை. வேறொரு ராணுவ வீரர் பெற்றுக் கொண்டார்.

நம் ஊரில் தாத்தாவின் பதிவில் குறை இருந்தால், அவரது பட்டாள எண்ணைக் குறிப்பிட்டு, அவர் படையின் ஆவண அலுவலகத்துக்கு எழுத வேண்டும். மதராஸ் ரெஜிமெண்டுக்கு அது குன்னூர் அருகே வெலிங்டனில் உள்ளது. சேலத்து முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி கேட்கலாம்.