பிரியாணி சாப்பிட்டு நாலு மணி நேரம்... ரத்தத்தில் என்ன நடக்கிறது?

ஞாயிறு மதியம் படப்பை பக்கம் வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் போனால் பிரியாணி வாசனையைத் தாண்டிப் போவது கஷ்டம். பார்சலுக்கு நிற்பவர்களில் சர்க்கரை நோயாளிகளும் இருப்பார்கள். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு என்கிறது 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் ஆய்வு. பெரியவர்களில் 81 சதவிகிதம் பேருக்கு ரத்தக் கொழுப்பில் ஏதோ ஒரு கோளாறு என்றும் அதே ஆய்வு சொன்னது.

'எனக்குக் கொழுப்பு நார்மல்தான்' என்று ரிப்போர்ட்டைக் காட்டுவார்கள் சிலர். அது காலையில் வெறும் வயிற்றில் எடுத்தது. ஆனால் நாளின் பெரும்பகுதி நாம் சாப்பிட்டு முடித்த நிலையில்தானே இருக்கிறோம்?

சாப்பாட்டுக் கொழுப்பு குடலிலிருந்து நுண்துளிகளாக ரத்தத்துக்கு வருகிறது. டிரைகிளிசரைடு 3, 4 மணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்ல இறங்கும். இந்தத் துளிகளைக் கரைக்கும் என்சைம் வேலை செய்ய இன்சுலின் வேண்டும். நீரிழிவில் இன்சுலின் குறைவு, அல்லது இருந்தும் சரியாக வேலை செய்வதில்லை. போதாக்குறைக்கு கல்லீரலும் கொழுப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும். மதியக் கொழுப்பு வடிவதற்குள் மாலை பஜ்ஜி, ராத்திரி பரோட்டா-சால்னா!

தேங்கும் கொழுப்பு, செல்களைத் துருப்பிடிக்க வைப்பதுபோல் தாக்கும் ஃப்ரீ ராடிக்கல்களைப் பெருக்குகிறது. அவற்றோடு போராடியே வைட்டமின் சி, இ, குளூட்டாதியோன் போன்ற ஆன்டிஆக்ஸிடன்ட்டுகள் செலவாகின்றன. கொழுப்பு மட்டும், சர்க்கரை மட்டும், இரண்டும் சேர்த்து என்று கொடுத்துப் பார்த்தது இத்தாலிய மருத்துவர் அன்டோனியோ செரியெல்லோவின் குழு. சேர்த்துக் கொடுத்தபோதுதான் ரத்தக்குழாய்க்குப் பாதிப்பு அதிகம் (2002). சோறும் எண்ணெயும் சேர்ந்த பிரியாணி எந்த வகை என்று சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் வைட்டமின் மாத்திரை போட்டுக்கொண்டால்? நீரிழிவு உள்ளவர்களையும் சேர்த்து 9,500-க்கும் அதிகமானோரிடம் நடந்த 'ஹோப்' ஆய்வில், வைட்டமின் இ மாத்திரை இதய நோயைத் தடுக்கவில்லை (2000).

பலன் தருவது தட்டில் செய்யும் மாற்றம்தான். பிரியாணியைப் பாதியாக்கி, வெங்காயப் பச்சடியும் காய்களும் கூட்டலாம். கூடவே சிக்கன் 65 வேண்டாம். அன்று ராத்திரி எண்ணெய் குறைந்த இட்லி போதும். சுறுசுறுப்பாக நடந்தால் தசைகள் கொழுப்பையும் சர்க்கரையும் இழுத்துக்கொள்ளும். இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் எப்போது, எவ்வளவு நடப்பது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

சாப்பிட்ட பிறகும் கொழுப்புப் பரிசோதனை எடுக்கலாம் என்று 2016-ல் ஐரோப்பிய மருத்துவ அமைப்புகள் பரிந்துரைத்தன. அப்போது டிரைகிளிசரைடு 175-ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும். 440-ஐத் தாண்டினால் வெறும் வயிற்றில் மறுபடி பார்க்க வேண்டும்.