மதிய இடைவேளையில் 15 நிமிடம்... நாற்காலிக்குத் திரும்பும் முன் ஒரு நடை!

மதியம் ஒன்றரை மணி. டிபன் பாக்ஸ் திறக்கிறது. ஒரு கையில் சாம்பார் சாதம், மறு கையில் செல்போன். பத்தே நிமிடத்தில் சாப்பாடு முடிந்துவிடும். மிச்சமிருக்கும் இருபது நிமிடமும் அதே நாற்காலியில், அதே செல்போனில் கரையும். மூன்று மணிக்குக் கண் சொக்கும். 'உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு' என்று சிரித்தபடி டீக்குச் சொல்லிவிடுவார்கள்.

காலையில் பைக், பகலெல்லாம் நாற்காலி, மாலையில் மறுபடியும் பைக், இரவில் டி.வி. 'வாக்கிங் போக நேரமே இல்லை' என்று சொல்பவர்களின் கைக்குத் தினமும் வந்து, வீணாகப் போவது இந்த இருபது நிமிடம்தான்.

டிரைவரும் கண்டக்டரும்

உட்கார்ந்தே இருப்பது இதயத்துக்கு நல்லதல்ல என்பதை உலகத்துக்கு முதலில் அழுத்தமாகச் சொன்னது பஸ்தான். லண்டனின் இரட்டை மாடி பஸ் ஊழியர்களை ஆராய்ந்த டாக்டர் ஜெரமி மாரிஸ், 1953-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் தன் முடிவுகளை வெளியிட்டார். ஒரே பஸ், ஒரே ரூட். ஆனால், நாள் முழுக்க உட்கார்ந்திருந்த டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. வந்தவர்களுக்கும் அது தாமதமாகவே வந்தது. மாரிஸ் தானும் உடற்பயிற்சியை விடாமல் கடைப்பிடித்து, 99 வயது வரை வாழ்ந்து 2009-ல் மறைந்தார்.

சாப்பிட்ட பிறகு ஏன்?

சோறு சாப்பிட்டதும் ரத்தத்தில் சர்க்கரை ஏறத் தொடங்கும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்தை ஒட்டி அது உச்சத்தைத் தொடும். அந்த நேரத்தில் நடந்தால், கால் தசைகள் அந்தச் சர்க்கரையை எரிபொருளாக இழுத்துக்கொள்ளும். இயங்கும் தசைக்கு இதற்கு இன்சுலினின் உதவிகூட அதிகம் தேவையில்லை. அதனால்தான் சாப்பிட்ட சிறிது நேரத்தில் நடக்கும் நடைக்குத் தனிப் பலன்.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அதன் வாசற்படியில் நிற்பவர்கள் இன்னும் 13.6 கோடி பேர். வாசற்படியில் நிற்பவர்கள் திரும்பி வர முடியும் என்பதுதான் நல்ல செய்தி. 2006-ல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, உணவுக் கட்டுப்பாட்டையும் நடையையும் கடைப்பிடித்தவர்களிடம் சர்க்கரை நோய் வரும் ஆபத்து சுமார் 28 சதவிகிதம் குறைந்ததைக் காட்டியது.

எப்படி நடப்பது?

* அரை மணி நேர இடைவேளை என்றால் 15 நிமிடம் சாப்பாடு, 15 நிமிடம் நடை. நடப்பதற்காக அள்ளி விழுங்க வேண்டாம்.

* முதல் ஐந்து நிமிடம் மெதுவாக. பிறகு, பேச முடியும், ஆனால் பாட முடியாது என்கிற அளவு வேகம் போதும்.

* சித்திரை, வைகாசி வெயிலில் ரோட்டுக்குப் போகாதீர்கள். ஆபீஸ் வராந்தாவும் கட்டடத்தின் நிழல் பக்கமும் போதும்.

* டிபன் பாக்ஸ் கழுவ வேறு மாடிக்குப் போகலாம். படி ஏறி இறங்குவதும் கணக்கில் சேரும்.

* ஹீல்ஸ் அணிபவர்கள், மேஜைக்கு அடியில் ஒரு ஜோடி தட்டையான செருப்பு வைத்துக்கொள்ளலாம்.

10,000 அடி நடக்க வேண்டுமே என்று மலைக்க வேண்டாம். அந்த எண் பிரபலமானது 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, அடிகளை எண்ணும் ஒரு கருவியின் பெயரால்! உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு. தினம் 15 நிமிடம், ஐந்து நாள் நடந்தாலே அதில் பாதி முடிந்துவிடும்.

யாருக்குக் கவனம் தேவை?

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள், இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், தலைச்சுற்றல், படபடப்பு வந்தால் உடனே நின்றுவிட வேண்டும். நெஞ்சு வலி குறையவில்லை என்றால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்ட அன்று வேகநடை வேண்டாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் காலையிலிருந்து நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு இந்த அறிவுரை பொருந்தாது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-ல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது அவர்களுக்காகத்தான். அவர்களுக்கு இடைவேளை என்பது காலை நீட்டி உட்கார வேண்டிய நேரம்.

நாற்காலிக்காரர்களை எழுப்பச் சட்டம் எதுவும் இல்லை. பக்கத்து சீட் அக்காவோ அண்ணனோதான் எழுப்ப வேண்டும். முதல் நாள் தனியாக நடக்கக் கூச்சமாக இருக்கும், 'எங்கே கிளம்பிட்டீங்க?' என்று கேட்பார்கள். 'நீங்களும் வாங்களேன்' என்று கூப்பிட்டுவிடுங்கள். துணை கிடைத்துவிட்டால், சோம்பலாக இருக்கும் நாளிலும் நடை நிற்காது.