பேச்சு வராத பிள்ளைக்கு உதவும் படிப்பு

கமம் செய்த காணியை விட்டு இடம்பெயர்ந்து, நுவரெலியா, அட்டன் தோட்டப்புறங்களில் வாழும் குடும்பங்களில் சில பிள்ளைகள் வயது வந்தும் பேசுவதில்லை. "ஊர் மாறிய பயம், போகப் போகச் சரியாகும்" என்று பெற்றோர் காத்திருப்பதுண்டு. பயமும் காரணமாகலாம். காதில் சீழ் வடிந்து கேள்வி குறைந்திருப்பதும் காரணமாகலாம். இதைப் பிரித்தறியப் பயிற்சி பெற்றவர் வேண்டும். அப்பயிற்சியை எமது பிள்ளைகளும் பெறலாம் என்பதையே இங்கு விளக்குகிறோம்.

இதில் இரு துறைகள் உண்டு. பேச்சு மொழிச் சிகிச்சையாளர் பிள்ளையின் விளக்கம், உச்சரிப்பு, திக்குவாய், உணவு விழுங்குதல் ஆகியவற்றைக் கவனிப்பார். விசேட கல்வி ஆசிரியர் அப்பிள்ளைக்கு ஏற்றவாறு பாடத்தைச் சிறு படிகளாக்கி வகுப்பறையில் கற்பிப்பார். ஒருவர் வேலையை மற்றவர் தொடர வேண்டியிருப்பதால் இரு துறைக்கும் ஆட்கள் தேவை.

ராகமையிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் பேச்சு மொழிச் சிகிச்சைப் பயிற்சி 1997இல் டிப்ளோமாவாகத் தொடங்கியது. 2008இல் அது நான்கு வருடப் பட்டப்படிப்பாயிற்று. பாடங்கள் ஆங்கிலத்தில் நடைபெறும். விசேட கல்வியில் கல்விமாணிப் பட்டத்தை இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் தொலைக்கல்வி முறையில் பெறலாம். அங்கு கட்டணம் உண்டு. அரச பல்கலைக்கழகங்களின் வழமையான பட்டப்படிப்புகளுக்குக் கல்விக் கட்டணம் இல்லை.

தமிழ் பேசும் சிகிச்சையாளர் நாட்டில் மிகச் சிலரே. இதனால் வரும் நட்டத்தை ஓர் உதாரணத்தால் காட்டலாம். 'காக்கா' என்று சொல்ல முயலும் பிள்ளை 'தாத்தா' என்கிறது. தமிழ் அறியாதவருக்கு அது பிழையாகவே தெரியாது. மறுபுறம், 'பழம்' என்பதைப் 'பளம்' என்று சொல்வது பலருடைய பேச்சுவழக்கு. அது குறைபாடல்ல. வழக்கு எது, குறை எது என்பதை வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர் எளிதில் அறிவார்.

உயர்தரத்துக்குப் பாடம் தெரிவு செய்யும் முன்பே, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடந்தோறும் வெளியிடும் கைநூலைப் பாருங்கள். எந்தப் படிப்புக்கு எந்தப் பாடம் வேண்டும் என்பது அதில் உண்டு. அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடும் உண்டு. பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் படித்த பாடசாலையைக் கொண்டே மாவட்டம் கணிக்கப்படும். ஆகவே இடம் மாறிய குடும்பங்கள் ஒவ்வொரு பாடசாலையின் விடுகைப் பத்திரத்தையும் பிறப்புச் சான்றிதழுடன் நனையாமல், தொலையாமல் வைத்திருக்க வேண்டும்.

இன்று வீட்டில் சிறு பிள்ளை உள்ளவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். ஒரு வயதளவில் ஓரிரு சொல்லும், இரண்டு வயதில் 'அம்மா வா' என இரு சொல் சேர்ந்தும் வரவேண்டும். வராவிட்டால், அல்லது பின்னாலிருந்து கூப்பிட்டும் திரும்பாவிட்டால், குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லி முதலில் காதைப் பரிசோதிக்கக் கேளுங்கள்.