புற்றுநோயாளியின் ஆகாரமும் கைபேசியும்

புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோரில் பலர் நோயினால் மட்டுமின்றி, போதிய ஆகாரமின்மையாலும் மெலிகின்றனர். மருந்தின் வேகத்தால் நாக்கு ருசி இழக்கின்றது, வாய் புண்ணாகின்றது, சோற்றின் வாசனையே குமட்டுகின்றது. உடல் மெலிந்தால் சிகிச்சையைத் தாங்கும் வலிமையும் குன்றும். மருந்தைக் குறைக்கவோ, இடையில் நிறுத்தவோ நேரிடும்.

எவ்வளவு உண்ண வேண்டும்? ஐரோப்பியப் போஷணை நிபுணர் சங்கத்தார் வகுத்த முறைப்படி, உடலெடையில் கிலோ ஒன்றுக்கு நாள்தோறும் 25 முதல் 30 கலோரியும், ஒரு கிராமுக்கு மேல், இயன்றால் 1.5 கிராம் வரை, புரதமும் வேண்டும். 50 கிலோ எடையுள்ளவருக்கு இது 1,250 முதல் 1,500 கலோரியாகும். புரதம் 50 முதல் 75 கிராம். கஞ்சியும் ரசமும் மாத்திரம் அருந்தி இக்கணக்கை எட்டுதல் அரிது.

ஆனால் இட்லியையும் பருப்பையும் தினந்தோறும் கலோரியாக்கிக் கணக்கிட எந்த வீட்டாருக்கு அவகாசம் உண்டு? இங்கேதான் கைபேசிச் செயலி உதவுகின்றது. உண்டதைக் குறித்தால் அது கூட்டிச் சொல்லும். வாரந்தோறும் எடையைப் பதிந்தால் இறக்கத்தைக் காட்டும். ஆறு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் எடை தானே குறைவது அபாய அறிகுறி. 50 கிலோ உள்ளவருக்கு அது இரண்டரைக் கிலோதான். கண்ணுக்குத் தப்பும் இக்குறைவு கணக்குக்குத் தப்பாது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. இன்று மலிந்துள்ள உணவுச் செயலிகள் பல, பருத்த உடலை இளைக்க விரும்புவோருக்காகச் செய்யப்பட்டவை. குறைவாக உண்டால் அவை பாராட்டும். மெலிந்துவரும் நோயாளியை மெச்சும் கருவி துணையாகுமா? அதே கைபேசியில், சர்க்கரையை விலக்கினால் கட்டி பட்டினியால் மாயும் என்று உபதேசிப்போரும் உளர். அதை நம்பி உணவைச் சுருக்குவோர் பட்டினி போடுவது கட்டியையன்று, தம் உடலையே.

நமக்கு ஆதாரம் இல்லாமலில்லை. 1918-ல் குன்னூரில் தோன்றி, இன்று ஹைதராபாத்தில் விளங்கும் தேசியப் போஷணை ஸ்தாபனம், 528 இந்திய உணவுப் பொருள்களின் சத்து விவரத்தை 2017-ல் அட்டவணையாக வெளியிட்டுள்ளது. அதைக்கொண்டு, நம் கேழ்வரகையும் மோரையும் அறிந்த செயலியைத் தமிழில் அமைத்து, பொது ஆஸ்பத்திரிகளே நோயாளிகளுக்கு இலவசமாய் வழங்குதல் வேண்டும். சிறுநீரகக் கோளாறோ நீரிழிவோ உடையவருக்குக் கணக்கு வேறுபடுமாதலின், அப்பதிவுகளை உணவு நிபுணர் ஒருவர் வாரந்தோறும் பார்வையிடுதலும் அவசியம். யந்திரம் கணக்கெழுதும், அதைப் படித்து வழி சொல்ல மனிதரே வேண்டும்.