பாலாடையும் தராசும்

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பிரதேசத்தில், ஃப்ரீமாண்டிலும் சன்னிவேலிலும் குடியேறிய நம்மவர் இல்லங்களில் ஒரு பிரசவமென்றால், பெட்டியில் பூண்டும் சுக்கும் பிரசவ லேகியமும், அவற்றினிடையே துணியில் சுற்றிய, சிசுவுக்குப் பால் புகட்டும் வெள்ளிப் பாலாடை ஒன்றுமாக ஊரிலிருந்து விமானமேறி வந்துவிடும் பாட்டியம்மாள், ஆஸ்பத்திரி அறையில் மகளைப் பார்த்து முதலில் கேட்பது, "பால் ஊறியிருக்காடி?" என்பதுதான். மகள் இல்லையென்று தலையசைக்கிறாள். மறுநாள் தாதி வந்து, சிசு பிறந்த எடையில் நூற்றுக்கு ஏழு பங்கு குறைந்திருக்கிறதென்று சொல்லிவிட்டால் கலக்கம் இரட்டிப்பாகிறது.

பால் ஊறவில்லை என்ற பேச்சில் பாதிதான் உண்மை. கர்ப்பத்தின் நடுப்பகுதியிலேயே ஸ்தனங்கள் சீம்பாலைச் சுரக்கத் தொடங்கிவிடுகின்றன. ஆயினும் நஞ்சுக்கொடியில் உற்பத்தியாகும் புரொஜெஸ்டிரோன் என்னும் வஸ்து, பெருகவேண்டிய பாலை அணைபோட்டுத் தடுத்து வைத்திருக்கிறது. பிரசவத்தில் நஞ்சு வெளியேறியதும் அந்த அணை சரிந்து, பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டினின் ஆதிக்கம் ஓங்கி, மார்பு கனத்துப் பால் கட்டுவதற்குச் சாதாரணமாக இரண்டு மூன்று தினங்கள் செல்லும். அதுவரை மஞ்சள்நிறச் சீம்பாலே ஆகாரம். முதல் நாளில் வேளைக்கு 2 முதல் 10 மில்லி வரைதான். இம்யூனோகுளோபுலின் ஏ, லாக்டோஃபெரின், வெள்ளணுக்கள் முதலிய ரட்சைகள் செறிந்த இத்திரவத்தை, ஜீரணமாகாதென்று பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரைச் சேனையாகத் தொட்டுவைத்த வழக்கம் நம் ஊர்ப்பக்கங்களில் இருந்தது. பசுவின் சீம்பாலை மட்டும் கருப்பட்டியும் ஏலமும் சேர்த்துக் காய்ச்சி, அண்டை வீட்டுக்கும் கொடுத்தனுப்பியவர்கள்தாம் நாம்!

இனி, தராசின் கதை. சிசு உபரி நீரோடு பிறந்து அதை முதல் தினங்களில் கழித்துவிடுகிறபடியால் எடை குறைவது இயல்பே. எவ்வளவு குறைந்தால் அபாயம் என்பதே கேள்வி. வட கலிபோர்னியாவிலுள்ள கெய்சர் பெர்மனென்டே ஆஸ்பத்திரிகளில் 2009 முதல் 2013 வரை பிறந்த 1,61,000-க்கு மேற்பட்ட சிசுக்களின் ஏடுகளைப் புரட்டி, அவற்றுள் தாய்ப்பால் மட்டுமே அருந்தியோரின் எடையை மணிவாரியாக வரைந்து, வலெரி பிளாஹர்மன், இயன் பால் முதலிய வைத்தியர்கள் 2015-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு விடை தேடியது. சிசேரியன் சிகிச்சையில் பிறந்தோரில் நாலில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் 72 மணி நேரத்தில் பத்து சதவிகிதமோ அதற்கு மேலோ இழந்திருந்தார்கள். தாய்க்குப் பிரசவ காலத்தில் நரம்பு வழியே ஏற்றும் திரவமும் பிறந்த எடையைச் சற்று உயர்த்திக் காட்டக்கூடும். ஆகவே எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே கோட்டைக் கிழித்து, அதைத் தாண்டியவுடன் பயப்படுவது நியாயமன்று; பிறந்த விதத்தையும் கழிந்த மணிகளையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பதற்காக இவர்கள் அமைத்த கணிப்பு முறைக்கு நியூட் என்று பெயர். நிஜமாகவே பால் போதாத குழந்தைக்கு நீர் வற்றுதலும் மஞ்சள் காமாலையும் நேரக்கூடுமாதலால், தராசை அலட்சியம் செய்வதும் தகாது.

இதே பிளாஹர்மன், எடை அதிகம் இழந்த சிசுக்களுக்குப் பால் பெருகும் வரை வேளைக்கு 10 மில்லி புட்டிப்பாலைப் பீச்சுக்குழலால் புகட்டிப் பார்த்தார். 2013-இல் வெளிவந்த, 40 சிசுக்களைக் கொண்ட அப்பரிசோதனையில், அவ்வாறு புகட்டப்பெற்றவரில் அதிகமானோர் மூன்றாம் மாதத்திலும் தாய்ப்பால் மட்டுமே அருந்தினர். பின்னர் 164 சிசுக்களிடம் செய்தபோது அந்த அனுகூலம் தென்படவில்லை. சிறு பரிசோதனைகளை நம்பிக் கொடிபிடிப்பவர்கள் கவனிக்கவேண்டிய சங்கதி இது.

ஸ்டான்போர்டில் ஜேன் மார்ட்டன் என்ற குழந்தை வைத்தியர் போதித்த உபாயம் இன்னும் எளியது. குறைமாதக் குழந்தைகளின் தாய்மாரிடம் அவர் குழுவினர் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், முதல் மூன்று தினங்களில் நாளைக்கு ஐந்து தடவைக்கு மேல் கையாலும் பீய்ச்சியவர்களுக்கு, மின்விசைக் கருவியை மட்டும் மிகுதியாக நம்பியவர்களைக் காட்டிலும் பின்னாளில் பால் கூடுதலாகச் சுரந்தது. கெட்டியான சீம்பால் கருவியின் குழாயிலேயே ஒட்டி வீணாகிவிடும். விரல்களால் மெல்ல அழுத்தித் துளித்துளியாக ஒரு கரண்டியில் ஏந்தினால் வீணாகாது. ஆஸ்பத்திரியில் தாதி அதற்கென்று பிளாஸ்டிக் கரண்டி ஒன்றை எடுத்து நீட்டும்போதுதான், பாட்டியம்மாள் பெட்டியைத் திறந்து துணி முடிச்சை அவிழ்க்கிறாள்.