பழைய பிலிம் லென்ஸ் புது மிரர்லெஸ் கேமராவில் வேலை செய்யுமா? கடலோர வடசென்னையில் வாங்கும் முன் கவனிக்க வேண்டியது என்ன?

காசிமேட்டில் விடிவதற்கு முன்பே மீன் ஏலம் தொடங்கிவிடும். அந்த வெளிச்சத்தில் படம் எடுக்க, கேமராவோடு சேர்த்துத் தரும் கிட் லென்ஸ் திணறும். நல்ல வெளிச்சம் வாங்கும் புது லென்ஸ் எடுக்கலாம் என்று கடைக்குப் போனால், பல மாடல்களின் விலை கேமரா விலையையே நெருங்குகிறது.

இதனால்தான் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் படம் எடுக்கப் பழகும் இளைஞர்களுக்கு 40, 50 வருடம் பழைய பிலிம் கேமரா லென்ஸ்கள் நல்ல மாற்று வழியாக இருக்கின்றன. சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும் லென்ஸ்கூட அருமையான படம் தரும். ஆனால் கடற்கரை ஓரத்தில் இருப்பவர்கள் பார்க்காமல் வாங்கினால், மலிவு விலை லென்ஸ் தண்டச் செலவாகிவிடும். எப்படி? பார்க்கலாம்.

மிரர்லெஸ் கேமராவில் மட்டும் எப்படிப் பொருந்துகிறது?

விஷயம் ரொம்ப எளிது. லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் உள்ளே இருக்கும் பிலிம் அல்லது சென்சாருக்கும் நடுவே ஒரு குறிப்பிட்ட தூரம் இருக்க வேண்டும். பழைய எஸ்.எல்.ஆர் கேமராக்களில் நடுவில் ஒரு கண்ணாடி ஏறி இறங்கும். அதற்கு இடம் விட்டதால் தூரம் அதிகம். நிகான் எஃப் மவுன்ட்டில் 46.5 மி.மீ, எம்42 திருகு மவுன்ட்டில் 45.46 மி.மீ, கேனான் எஃப்.டி.யில் 42 மி.மீ.

மிரர்லெஸ் கேமராவில் அந்தக் கண்ணாடியே கிடையாது. அதனால் சோனி இ மவுன்ட்டில் தூரம் 18 மி.மீ, நிகான் இசட்டில் 16 மி.மீ, கேனான் ஆர்.எஃப்.பில் 20 மி.மீ மட்டுமே. மிச்சம் இருக்கும் இடைவெளியை ஒரு வெற்று உலோகக் குழாய் நிரப்பிவிடும். அதுதான் அடாப்டர். எம்42 லென்ஸை சோனியில் மாட்ட சுமார் 27.5 மி.மீ தடிமன் போதும். உள்ளே லென்ஸோ, மின்சுற்றோ எதுவும் தேவையில்லை. அவ்வளவுதான்.

டி.எஸ்.எல்.ஆரில் இந்த வசதி குறைவு. உதாரணத்துக்கு, கேனான் இ.எஃப் மவுன்ட் தூரம் 44 மி.மீ. அதில் 42 மி.மீ எஃப்.டி லென்ஸை சாதாரண அடாப்டரில் மாட்டினால் தூரத்தில் இருப்பது ஃபோகஸ் ஆகாது.

என்ன லாபம்?

கிட் லென்ஸை 50 மி.மீ பக்கம் ஜூம் செய்தால் பெரும்பாலும் எஃப்/5.6 வரைதான் திறக்கும். பழைய சோவியத் தயாரிப்பான ஹீலியோஸ் 44-2, 58 மி.மீ லென்ஸ் எஃப்/2 வரை திறக்கும். அதாவது சுமார் 8 மடங்கு வெளிச்சம். 1/15 நொடியில் ஆடிப்போகும் படத்தை 1/125 நொடியில் நிறுத்திப் பிடிக்கலாம். ஏலக்காரர் கை உயர்த்தும் நேரத்தில் இது பெரிய வித்தியாசம்.

ஒன்று கவனிக்கணும். சின்ன ஏ.பி.எஸ்-சி சென்சார் கேமராவில் படத்தின் கோணம் குறுகும். 50 மி.மீ லென்ஸ், ஃபுல் ஃபிரேமில் 75 மி.மீ லென்ஸ் காட்டும் அளவுக்குத்தான் காட்டும். முகங்களுக்கு நல்லது. ராயபுரத்தின் குறுகலான தெருவில் பின்னால் நகர இடம் இருக்காது. தெருப் படங்களுக்கு 28 மி.மீ அல்லது 35 மி.மீ தேடுவது நல்லது.

என்ன கஷ்டம்?

ஆட்டோஃபோகஸ் வராது. கையால்தான் ஃபோகஸ் திருப்ப வேண்டும். அப்பர்ச்சரும் லென்ஸ் வளையத்தில்தான். இதற்கு மிரர்லெஸ் கேமராவில் இரண்டு உதவிகள் உண்டு: ஃபோகஸ் ஆன விளிம்புகளை நிறம் போட்டுக் காட்டும் ‘ஃபோகஸ் பீக்கிங்’, திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் வசதி.

முதல் தடவை மாட்டும்போது சில கேமராக்களில் ஷட்டர் அழுத்தினாலும் படம் விழாது. பயப்பட வேண்டாம். லென்ஸ் மாட்டவில்லை என்று கேமரா நினைக்கிறது. மெனுவில் லென்ஸ் இல்லாமலும் படம் எடுக்க அனுமதிக்கும் அமைப்பை ‘ஆன்’ செய்தால் போதும். கேமராவுக்குள்ளேயே ஆட்டம் தடுக்கும் வசதி இருந்தால், லென்ஸின் மி.மீ அளவை மெனுவில் கொடுக்க மறக்காதீங்க.

நகரும் கூட்டத்தில் ஃபோகஸ் திருப்ப நேரம் இருக்காது. அதற்குப் பழைய உத்தி ஒன்று உண்டு. ஃபுல் ஃபிரேம் கேமராவில் 28 மி.மீ லென்ஸை எஃப்/8-ல் வைத்து, ஃபோகஸை சுமார் 3.3 மீட்டரில் நிறுத்துங்கள். ஏறக்குறைய 1.7 மீட்டரில் இருந்து கண்ணுக்கு எட்டும் தூரம் வரை தெளிவாக விழும். பகல் வெளிச்சத்துக்கு இது கச்சிதம். ஆனால் மலிவு அடாப்டர்களின் தடிமன் துல்லியமாக இருக்காது, லென்ஸில் எழுதிய மீட்டர் கணக்கு தப்பலாம். ஒருமுறை சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

வீட்டுப் பரணில் இருக்கும் கேமரா உதவுமா?

நம்ம ஊர் வீடுகளில் அதிகம் இருப்பது யாஷிகா எம்.எஃப்-2, கோடக் கே.பி-10 போன்ற கேமராக்கள். அவற்றின் லென்ஸ் கழற்ற முடியாதது. அடாப்டரில் மாட்ட வராது. பென்டாக்ஸ், மினோல்டா, நிகான், கேனான், ஜெனித் போன்ற எஸ்.எல்.ஆர் இருந்தால் பரணைத் தேடலாம்.

வெளியில் வாங்குவோருக்கு ராயபுரத்தில் இருந்து எட்டும் தூரத்திலேயே இடங்கள் உண்டு. பர்மாவில் இருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969-ல் உருவான பர்மா பஜார், கடற்கரை ரயில் நிலையம் அருகே இருக்கிறது. பழைய பொருட்களுக்குப் பேர்போன மூர் மார்க்கெட் கட்டடம் 1985 தீ விபத்தில் போய்விட்டாலும், சென்ட்ரல் அருகே அந்த வியாபாரம் தொடர்கிறது. இங்கெல்லாம் லென்ஸை கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். ஆன்லைனில் அந்த வாய்ப்பு இல்லை.

வாங்கும் முன் இந்த 5 சோதனைகள்

1. செல்போன் டார்ச்சை லென்ஸின் பின்பக்கம் பிடித்து முன்பக்கம் இருந்து பாருங்கள். சிலந்தி வலை போலவோ வேர் போலவோ தெரிந்தால் அது ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. புகை போலப் படர்ந்திருந்தால் படத்தில் கான்ட்ராஸ்ட் குறையும்.

2. அப்பர்ச்சர் வளையத்தைத் திருப்புங்கள். உள்ளே இதழ்கள் சட்டென்று நகர வேண்டும். எண்ணெய்ப் பசை இருந்தால் பின்னால் ஒட்டிக்கொள்ளும்.

3. ஃபோகஸ் வளையம் முழுச் சுற்றும் ஒரே சீராக ஓட வேண்டும்.

4. எம்42 லென்ஸ் என்றால், பின்னால் இருக்கும் ஊசியை அழுத்தும் அடாப்டர் வாங்குங்கள். அல்லது ‘ஏ/எம்’ சுவிட்ச் இருக்கும் லென்ஸ் எடுங்கள். இல்லையென்றால் சில லென்ஸ்களில் அப்பர்ச்சர் மூடவே மூடாது.

5. கண்ணாடி மஞ்சள் நிறமாக இருக்கிறதா? 50 மி.மீ எஃப்/1.4 டாகுமார் போன்ற சில பழைய லென்ஸ்களில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. அதுதான் காலப்போக்கில் மஞ்சளாகும். சாதாரணமாகப் பயன்படுத்தப் பயம் இல்லை. பிரித்துத் தேய்ப்பது மட்டும் கூடாது.

கடல் காற்று என்ன செய்யும்?

வடசென்னைக்காரர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது இதைத்தான். பூஞ்சைக்குப் பிடித்தது ஈரமும் இருட்டும். கடலோரத்தில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. தோல் பையில் போட்டு பீரோவில் மாதக்கணக்கில் வைத்தால் பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. முற்றினால் கண்ணாடியின் கோட்டிங்கையே அரித்துவிடும். பிறகு சுத்தம் செய்தாலும் தழும்பு போகாது.

காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். இது போதும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்தில் இருப்பது நல்லது. அரிசி டப்பாவில் புதைத்து வைக்கும் பழக்கம் வேண்டாம். அரிசித் தூள் இடுக்குகளில் புகுந்துவிடும். பூஞ்சை பிடித்த லென்ஸை மற்றவற்றோடு சேர்த்து வைக்காதீங்க.

பழைய லென்ஸ்களில் தண்ணீர், தூசி தடுக்கும் ரப்பர் வளையங்கள் கிடையாது. துறைமுகத்தில் உப்புத் துளி பட்டால் முதலில் புளோயரால் ஊதிவிட்டு, உலோகப் பகுதியை லேசாக ஈரமான மென்துணியால் துடைத்து உலர்த்துங்கள். கண்ணாடியை காய்ந்த துணியால் தேய்த்தால் உப்புக் கல்லே கீறிவிடும். சாம்பல் துகள் பறக்கும் எண்ணூர் பக்கம் வெளியில் நின்று லென்ஸ் மாற்ற வேண்டாம். சென்சார் திறந்தே இருக்கும்.

எண்ணூர் புகைபோக்கிகளுக்குப் பின்னால் சூரியன் வரும் படம் எடுக்கும்போது பழைய கோட்டிங் வெளிச்சத்தைச் சிதறவிட்டு படத்தை வெளிறச் செய்யும். ஒரு லென்ஸ் ஹூட் மாட்டினால், பக்கவாட்டில் இருந்து விழும் வெளிச்சத்தையாவது தடுக்கலாம்.

யாருக்கு ஏற்றது?

கல்யாணம், விளையாட்டு என்று ஒரு நொடி தவறினாலும் பணம் போகும் வேலைக்கு ஆட்டோஃபோகஸ் லென்ஸ்தான் சரி. முகங்கள், தெரு, படகு, தொழில் என்று நின்று நிதானமாக எடுப்பவர்களுக்குப் பழைய லென்ஸ் போதும். லென்ஸுக்கும் அடாப்டருக்கும் கொடுக்கும் காசோடு, அந்த டப்பாவுக்கும் சிலிக்கா ஜெல்லுக்கும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். கடலோரத்தில் லென்ஸின் ஆயுளைத் தீர்மானிப்பது அதுதான்.