இலைக்குள் ஒளி பாயும் வழி

வயலுக்கு நீர் பாய்ச்சும்போது மடையிலிருந்து கடைசிப் பாத்தி வரை நீர் எங்கே ஓடுகிறது, எங்கே கசிகிறது என்று நடந்து பார்த்துச் சரிசெய்கிறீர்கள். இலையில் விழும் வெயிலும் இவ்வாறே பாய்கிறது. பச்சைய மூலக்கூறுகள் ஒளியைப் பிடித்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாற்றி, ஒளிச்சேர்க்கை தொடங்கும் மையத்தில் சேர்க்கின்றன. இந்தப் பாய்ச்சலை விஞ்ஞானிகள் எவ்வாறு பார்க்கின்றனர்?

மின்னலினும் விரைவான ஒளி

இரவில் மின்னல் வெட்டும்போது, ஓடும் மாடும் நின்றது போல் தோன்றும். ஒளி தோன்றி மறையும் நேரம் அவ்வளவு குறைவு. ஒரு வினாடியைப் பத்து இலட்சம் பங்காக்கி, அதில் ஒரு பங்கை மீண்டும் நூறு கோடிப் பங்காக்கினால் கிடைப்பது ஒரு பெம்டோ வினாடி. சில பெம்டோ வினாடிகளே நீடிக்கும் ஒளித்துடிப்புகளை லேசர் கருவிகள் தருகின்றன. இவற்றைக் கொண்டு வேதிவினைகளை ஆராய்ந்த அகமது செவாயிலுக்கு 1999-ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஒவ்வொன்றாகப் பார்ப்பது ஏன்?

களத்து நெல்லை மொத்தமாக எடைபோட்டால் சராசரி விளைச்சல் தெரியும். எந்தக் குத்தில் எத்தனை தூர் என்பது தெரியாது. கோடிக்கணக்கான மூலக்கூறுகளை ஒன்றாக ஆராய்வதிலும் இதே குறை உண்டு. ஆகவே, பார்சிலோனா நகர விஞ்ஞானிகள் ஒளிச்சேர்க்கை செய்யும் ஊதா பாக்டீரியாவின் ஒளிபிடிக்கும் தொகுதி ஒன்றை மட்டும் தனியே நுண்ணோக்கியில் வைத்தனர். அதில் 27 பச்சைய மூலக்கூறுகள் இரு வளையங்களாக அமைந்துள்ளன. ஓர் ஒளித்துடிப்பைச் செலுத்தி, சற்றே இடைவெளி விட்டு இரண்டாவதைச் செலுத்தி, இடைவெளிக்கேற்ப ஒளிர்வு மாறுவதை அளந்தனர். ஆற்றல் செல்லும் வழி தொகுதிக்குத் தொகுதி வேறுபடுவதையும், ஒரே தொகுதியிலும் நேரத்திற்கு நேரம் மாறுவதையும் 2013-இல் அறிவித்தனர்.

தங்கக் குச்சியின் உதவி

தனியொரு தொகுதியின் ஒளிர்வு மிக மங்கலானது. எனவே, மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு நீளமுள்ள தங்கக் குச்சியை அதன் அருகில் அமைத்தனர். ஒளி பட்டதும் தங்கத்திலுள்ள எலக்ட்ரான்கள் ஒருசேர அசைகின்றன. கண்மாய் நீர் குறுகிய மடையில் விசையுடன் பாய்வது போல, ஒளி குச்சியின் நுனியில் குவிகிறது. இதனால் ஒளிர்வு 500 மடங்குக்கு மேல் கூடியதை 2014-இல் தெரிவித்தனர்.

உழவருக்கு என்ன பயன்?

கடும் வெயிலில் இலை மிகுதியான ஒளியை வெப்பமாக வெளியேற்றித் தன்னைக் காத்துக்கொள்கிறது. நிழல் வந்த பிறகும் இந்த வெளியேற்றம் சில நிமிடங்கள் தொடர்வதால் விளைச்சலுக்குரிய ஆற்றல் வீணாகிறது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், இதை விரைந்து நிறுத்துமாறு மரபணு மாற்றிய புகையிலை, சுமார் 15 சதவீதம் கூடுதல் எடை தந்ததாக 2016-இல் அறிவிக்கப்பட்டது. கசிவு எங்கே என்று தெரிந்தால்தான் அடைக்க முடியும். அதற்கே இந்த நுண்ணிய ஆய்வுகள் தேவைப்படுகின்றன.

ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். மேற்சொன்ன தங்கக் குச்சி ஆய்வகத்தில் பார்ப்பதற்கு உதவும் கருவியே. பயிருக்குத் தெளிக்கும் மருந்தன்று. அவ்வாறு கூறி எவரேனும் விற்க வந்தால் ஏமாற வேண்டாம். ஒளியை வீணாக்காதிருக்க இன்று உங்கள் கையில் உள்ளவை: சரியான பயிர் இடைவெளி, காலத்தில் களையெடுப்பு, நெல்லுக்கு இலை வண்ண அட்டையைப் பார்த்துத் தழைச்சத்து இடுதல். இவற்றைக் கடைப்பிடித்துப் பயன்பெறுங்கள்.